2,26,963 டன் கப்பலா, 90,090 டன் கப்பலா? பெற்றோருடன் முதல் குரூஸ் பயணம்: அளவும் பழக்கவழக்கங்களும் குறித்துச் சில ஐயங்கள்

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். மதுரையிலிருந்து என் பெற்றோர் வரும் டிசம்பரில் இங்கு வந்து மூன்று மாதங்கள் தங்க இருக்கிறார்கள். அவர்களையும் மனைவியையும் எட்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஏழு இரவுக் கரிபியன் பயணம் ஒன்றுக்குப் போகலாம் என்று எண்ணியிருக்கிறேன். எங்களில் எவருக்கும் கப்பல் பழக்கமில்லை. அப்பா மட்டும் ஒருமுறை தனுஷ்கோடிப் பக்கம் மீன்பிடிப் படகில் ஏறினாராம். கரை திரும்பும் வரை கண்ணையே திறக்கவில்லை என்று அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார்.

பயண முகவர் இரண்டு கப்பல்களைக் காட்டினார். ஒன்று ஹார்மனி ஆஃப் தி சீஸ்: 2,26,963 டன், அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,479 பயணிகள். மற்றொன்று ரேடியன்ஸ் வகுப்பைச் (ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல்களின் வரிசை) சேர்ந்த பழைய கப்பல்: 90,090 டன், 2,143 பயணிகள். பெரியதில் கூட்டம் நெரியும், சிறியதில் ஆட்டம் மிகும் என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்த டன் கணக்கை எப்படிப் புரிந்துகொள்வது? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

இரண்டாவது ஐயம் சற்றுக் கூச்சத்துடன் கேட்பது. கப்பலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு எழுதப்படாத விதிகள் பல இருக்கும் அல்லவா? அப்பா கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசுவார். வேட்டியைத் தவிர வேறெதுவும் அவருக்கு ஒத்துவராது. அம்மா காலையில் விளக்கேற்றாமல் காபி குடிக்கமாட்டார். சிறிய ரைஸ் குக்கர் ஒன்றையும் பெட்டியில் வைக்கப்போவதாக இப்போதே அறிவித்துவிட்டார். எதை அனுமதிப்பார்கள், எதற்கு முகம் சுளிப்பார்கள் என்று முன்னரே தெரிந்தால் அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுவேன்.

நங்கூரம்

முப்பத்தொரு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். நாகரிகம் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

விளம்பரங்களில் வரும் அந்த டன், எடை அன்று. அது கப்பலின் மூடப்பட்ட உட்புறக் கொள்ளளவிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண். பழங்காலத்தில் ஒரு மரக்கலம் எத்தனை மதுப் பீப்பாய்களைச் சுமக்கும் என்பதை வைத்து வரி விதித்தார்கள். 'தன்' என்பது அந்தப் பெரும் பீப்பாயின் பெயர். 1969ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கை, 1982இல் நடைமுறைக்கு வந்தபோது, கன மீட்டரில் கொள்ளளவை எடுத்து ஒரு மடக்கைச் சூத்திரத்தால் பெருக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்தச் சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தால் ஹார்மனியின் உட்புறம் ஏறத்தாழ 7 லட்சத்து 15 ஆயிரம் கன மீட்டர் வருகிறது. உண்மையான எடை அந்த 2,26,963இல் பாதிகூட இராது; ஹார்மனியின் வகுப்பில் முதல் கப்பலான ஒயாசிஸ் தள்ளும் நீரின் எடை, அதாவது கப்பலின் எடை, சுமார் ஒரு லட்சம் டன் என்பார்கள். டைட்டானிக்கின் 46,328 டன்னோடு ஒப்பிட்டு ஐந்து மடங்கு என்று நாளேடுகள் எழுதும்போது, டைட்டானிக்கின் எண் பழைய அளவீட்டு முறையில் வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகின்றன.

உங்கள் முடிவுக்கு மொத்த டன் உதவாது. டன்னைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஹார்மனிக்கு 41.4 வருகிறது, ரேடியன்ஸ் வகுப்புக்கு 42. அதாவது பெரிய கப்பலில் நெரிசல், சிறிய கப்பலில் தாராளம் என்ற பேச்சு உங்கள் இரண்டு கப்பல்களுக்கும் பொருந்தவே இல்லை. தலைக்கு இடம் ஏறக்குறைய ஒன்றுதான். குவீன் மேரி 2 போன்ற கப்பலில் இந்த எண் 55ஐத் தொடும். நானூற்றைம்பது பேரை மட்டும் ஏற்றும் 32,000 டன் சொகுசுக் கப்பல்களில் 70ஐத் தாண்டும். கட்டணமும் அதற்கேற்பத் தாண்டும்.

ஆனால் வகுத்து வரும் எண்ணும் முழு உண்மையைச் சொல்லாது. பள்ளி விடுமுறையில், அதிலும் டிசம்பரில், ஒரே அறையில் மூவர் நால்வர் தங்குவார்கள். ஆகவே 5,479 என்ற கணக்கு எளிதில் ஆறாயிரத்தைத் தாண்டிவிடும். தலைக்கு இவ்வளவு இடம் என்று கப்பல் முழுவதற்கும் சராசரி போடலாம், ஆனால் இறங்கு படிக்கட்டுக்கும் லிஃப்டுக்கும் காலை எட்டரை மணிப் பஃபேக்கும் அந்தச் சராசரி செல்லாது. ஆறாயிரம் பேரில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் கரையிறங்க நினைத்தால் வரிசை எவ்வளவு நீளும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து நீளம். ஹார்மனி 362 மீட்டர். ரேடியன்ஸ் வகுப்பு 293 மீட்டர். எழுபது மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அறைக்கும் உணவுக்கூடத்துக்கும் அரங்குக்கும் நாளுக்குப் பத்து முறை போய்வரும் முழங்காலைக் கேட்டால் தெரியும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்டத்துக்குப் பயப்படுவோரை நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுக்கச் சொல்வது வழக்கம். ஊஞ்சலின் நடுவில் உட்கார்ந்தால் அசைவு குறைவது போலத்தான். ஆனால் ஒயாசிஸ் வகுப்புக் கப்பல்களில் நடுப்பகுதி முழுவதும் வானம் பார்த்த பூங்காவாகத் திறந்து கிடப்பதால், லிஃப்டுகள் முன்புறம் ஒரு தொகுதி, பின்புறம் ஒரு தொகுதி என்று இரண்டே இடங்களில் இருக்கின்றன. நடுவில் அறை எடுத்தால் அம்மா லிஃப்டிலிருந்து மிகத் தொலைவில் இருப்பார். அவ்வளவு பெரிய கப்பல், பக்கவாட்டுத் துடுப்புகளின் துணையும் இருப்பதால், கரிபியனில் வழக்கமான நாட்களில் பெரிதாக ஆடாது. ஆகவே அவருக்குப் பின்புற லிஃப்டுக்கு அருகில், கப்பலின் தளப்படத்தைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கப்பல்கள் ஏன் ஏறத்தாழ 90,000 டன்னோடு நின்றன என்று மகன் கேட்டால், பனாமா கால்வாயைக் காரணம் சொல்லுங்கள். பழைய மதகுகளுக்குள் 32.3 மீட்டருக்கு மேல் அகலமான கப்பல் நுழைய முடியாது. ரேடியன்ஸ் வகுப்பு அதற்குள் அளந்து கட்டியது போல 32.2 மீட்டர். 2016 ஜூனில் அகலமான புதிய மதகுகள் திறந்தன. உயரமும் ஒரு தொல்லைதான்: 2009இல் ஒயாசிஸ் பின்லாந்தின் தூர்க்கு நகரக் கட்டுந்தளத்திலிருந்து புறப்பட்டு டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்துக்கு அடியில் கடந்தபோது, புகைபோக்கிகளை உள்ளே இறக்கிக்கொண்டு மயிரிழையில் தப்பியது.

கரிபியன்_பாட்டி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் முதல் பயணம் நினைவுக்கு வந்துவிட்டது. ஒன்பது முறை போய்வந்துவிட்டேன். முதல் முறை செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் அம்மாவுக்குப் பயன்படும். வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று அறையில் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தினேன். இரண்டு நிமிடத்தில் கதவைத் தட்டினார்கள். வாசலில் மூன்று பேர், ஒருவர் கையில் தீயணைப்புக் கருவி. யாரும் கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று. கடலில் தீதான் எல்லாவற்றையும் விடப் பெரிய அச்சம் என்று அந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, மெழுகுவத்தி எதுவும் கூடாது. பேட்டரியில் எரியும் சிறு அகல் விளக்கு இந்தியக் கடைகளில் கிடைக்கிறது, சுவாமி கோபித்துக்கொள்ளமாட்டார். ரைஸ் குக்கர், மின் கெட்டில், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஏறும்போதே ஊடுகதிர்ச் சோதனையில் பிடித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். பயணம் முடிந்து இறங்கும்போது அதை வாங்க நிற்கும் வரிசையில் பாதிப் பேர் நம்மவர்களாகவே இருப்பார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வேட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். முறையான உடைக்கென்று குறித்த இரவில் பட்டு வேட்டியும் சட்டையும் அணிந்து என் கணவர் வந்தபோது, கோட்டு அணிந்த நான்கு பேர் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். ஆனால் அதே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உணவுக்கூடத்துக்குள் போகக்கூடாது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். நீச்சல் குளத்தில் மட்டும் நீச்சல் உடை கட்டாயம், சேலையுடனோ பருத்திச் சட்டையுடனோ இறங்க விடமாட்டார்கள். பெரியவர்களுக்கென்று ஒதுக்கிய குளத்துப் பக்கம் உங்கள் மகனை அழைத்துப் போகாதீர்கள்.

கப்பலில் மக்கள் மனம் கசந்துபோவது பெரும்பாலும் நாற்காலியால்தான். விடியற்காலையில் வந்து குளத்தைச் சுற்றியுள்ள சாய்வு நாற்காலிகளில் துண்டையும் செருப்பையும் போட்டுவிட்டுப் பத்து மணிவரை சிற்றுண்டிக்குப் போய்விடுகிறவர்களை எல்லோரும் சபிப்பார்கள். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரை நாம் என்பதால் இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அரை மணி அல்லது நாற்பது நிமிடம் ஆளில்லாமல் கிடந்தால் பணியாளர்கள் பொருள்களை எடுத்து வைத்துவிடும் வழக்கம் பல கப்பல்களில் இருக்கிறது.

ஒலிபெருக்கிப் பேச்சை அப்பா விட்டுத்தான் ஆகவேண்டும். அறைச் சுவர்கள் மெல்லியவை. இரண்டு பால்கனிகளுக்கு நடுவே இருப்பது வெறும் தடுப்புப் பலகை. நீங்கள் மருமகளைப் பற்றிப் பேசுவது பக்கத்து அறைக்கு நன்றாகக் கேட்கும், அங்கே தமிழ் தெரிந்தவர் இருக்கமாட்டார் என்று நம்பியிருக்கக்கூடாது, எனக்கு நடந்திருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு நடைவழியில் நின்று நாளைய திட்டத்தை விவாதிப்பதும் வேண்டாம்.

பணியாளர்களுக்கான டிப்ஸ் பணம் பற்றி என் கருத்து: நாள்தோறும் தானாகப் பிடித்துக்கொள்ளும் தொகையை நிறுத்தச் சொல்லிவிட்டு, நன்றாகக் கவனித்துக்கொண்டவர் கையில் நேரே கொடுப்பதே மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

ஏழாம்_தளம்

பாட்டி அம்மா சொன்னதில் கடைசி ஒன்றைத் தவிர அனைத்தையும் ஏற்கிறேன். தூத்துக்குடியைச் சேர்ந்த நான் ஆறு ஆண்டுகள் குரூஸ் கப்பல் உணவுக்கூடங்களில் பரிமாறுநராக வேலை பார்த்தவன். ஆளொன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் சேரும் அந்தத் தொகை, உங்கள் கண்ணில் படும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் போவதன்று. துணி வெளுப்பவர், தட்டுக் கழுவுபவர், விடியற்காலை இரண்டு மணிக்குத் தரை துடைப்பவர் எனப் பயணி ஒருபோதும் பார்க்காத பலருக்கும் அதில் பங்கு உண்டு. அதை நீக்கிவிட்டு எனக்கு நாற்பது டாலர் நீட்டினால் நான் மகிழ்வேன், ஆனால் என் அறைத் தோழனுக்கு அன்று ஒன்றும் இராது. அதை அப்படியே விட்டுவிட்டு, விருப்பமிருந்தால் மேற்கொண்டு கொடுங்கள். முதல் முறை வருபவர் அந்தத் தொகையையும் பயணச் செலவில் சேர்த்தே கணக்கிட வேண்டும்; ஐந்து பேருக்கு ஏழு நாட்கள் என்றால் சின்னத் தொகை அன்று.

எங்கள் ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை நீளும். வார விடுமுறை என்ற பேச்சே இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அதைத் திருப்பிப் படித்தால் எங்கள் வேலை நேரம் எவ்வளவு வரை போகலாம் என்பது விளங்கும். இவ்வளவையும் சொல்வது இரக்கத்துக்காக அன்று. உணவுக்கூடம் மூடும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் பத்துப் பேராக வந்து உட்காருவதும், விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதும் எங்களுக்கு ஏன் வலிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். சட்டையில் பெயர் எழுதியிருக்கும். அதைப் படித்துக் கூப்பிட்டால் போதும்.

சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது. பதிவு செய்யும்போதே சைவ உணவு, அதிலும் இந்தியச் சைவம் என்று குறித்துவிடுங்கள். முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் பேசுங்கள். சமையற்கூடத்தில் கோவாவிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தவர்கள் பெரும்பாலும் இருப்பார்கள். ஒரு நாள் முன்னால் சொன்னால் பருப்பும் காய்கறியும் சோறும் வந்துவிடும். வத்தக்குழம்பு வராது. தயிர் பஃபேயில் எப்போதும் இருக்கும், ஆகவே அம்மாவின் தயிர்ச் சோற்றுக்கு ரைஸ் குக்கர் தேவைப்படாது. வீட்டில் சமைத்ததைக் கொண்டுவர முடியாது. மூடி முத்திரையிட்ட முறுக்குப் பொட்டலத்தைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். கப்பலிலிருந்து வாழைப்பழத்தையோ ஆப்பிளையோ பையில் போட்டுக்கொண்டு கரையிறங்காதீர்கள், துறைமுகத்தில் பிடிப்பார்கள்.

பஃபேயில் நான் வலியுறுத்துவது ஒன்றே ஒன்று: நுழையுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் திரவத்தை மட்டும் தடவினால் போதாது, ஏனெனில் கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் அதற்கு எளிதில் மசிவதில்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சுகாதாரத்தை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 1975 முதல் கண்காணிக்கிறது. பயணிகளிலோ பணியாளர்களிலோ 3 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கு என்றால் அந்தச் செய்தி பொதுவெளிக்கு வந்துவிடும். கையால் சாப்பிடுவதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் பாத்திரத்தில் உள்ளதை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், எடுத்ததைத் திருப்பி வைக்கக்கூடாது. வயிறு கலங்கினால் மறைக்காமல் மருத்துவ அறைக்குச் சொல்லிவிடுங்கள். பயணம் வீணாகுமே என்று ஒருவர் மறைத்ததால் மூன்று தளங்களை நாங்கள் இரவு முழுவதும் தேய்த்துக் கழுவிய அனுபவம் எனக்குண்டு.

வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குக்கர் பற்றி அம்மாவிடம் சொன்னேன். தயிர் இருக்கும் என்றதும் பாதி சமாதானம். முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறதாமே, அது வெறும் சடங்கா, வயதானவர்கள் அறையிலேயே இருந்துவிடலாமா?

நங்கூரம்

இருக்கக்கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று மாலைதான் ஏறியிருந்த பல நூறு பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அப்போதைய விதி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றது. 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் கைப்பேசியில் காணொளியைப் பார்த்துவிட்டு, உங்கள் ஒன்றுகூடும் இடத்துக்கு ஒருமுறை நடந்துபோய் அட்டையைக் காட்டினால் முடிந்துவிடும். ஆபத்தின்போது ஒன்றுகூட அழைக்கும் ஒலி ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல்: இதை அப்பாவுக்கும் மகனுக்கும் மனப்பாடம் செய்துவையுங்கள். வழக்கமான உயிர்காப்புப் படகு 150 பேர் வரை ஏற்றும். ஒயாசிஸ் வகுப்பின் படகு ஒன்றில் 370 பேர். உங்கள் இடம் எதுவென்று தெரியாமல் அந்த அளவுக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

உப்புக்காற்று

எல்லோரும் கப்பலுக்குள் நடக்கும் நாகரிகத்தையே பேசுகிறீர்கள். கரையில் இருப்பவர்களை யாரும் நினைக்கவில்லை. வெனிசில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் புனித மாற்குச் சதுக்கத்துக்கு முன்னால் செல்ல 2021 ஆகஸ்டில் தடை வந்தது. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் நகர மக்கள் 1,300 பேருக்கு மேற்பட்ட கப்பல் வேண்டாம் என்று 2020இல் வாக்களித்தார்கள். மறு ஆண்டே மாநில அரசு அதைச் செல்லாததாக்கிவிட்டது. அலாஸ்காவின் ஜூனோவில் 2024 முதல் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்ற வரம்பு இருக்கிறது. சிறிய ஊருக்கு ஆறாயிரம் பேர் ஒரே காலையில் வந்திறங்கினால் அங்குள்ளவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே சிறிய கப்பலையே எடுங்கள் என்பேன்.

ஏழாம்_தளம்

கவலை நியாயமானதே. ஆனால் ஒரே துறையில் மூன்று சிறிய கப்பல்கள் சேர்ந்து நிற்கும் நாளும் உண்டு. அன்று கரையில் இருப்பவருக்கு வேறுபாடு தெரியாது. குறித்த நேரத்துக்குள் திரும்புவதை மட்டும் எந்தக் கப்பலிலும் மறக்காதீர்கள். கடைக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தவரைக் கப்பல் விட்டுச் சென்றதை நானே கண்டிருக்கிறேன். அடுத்த துறைமுகத்துக்கு அவர் சொந்தச் செலவில்தான் வந்து சேர வேண்டும்.

வைகைக்கரை

இரண்டு கப்பலிலும் தலைக்கு ஒரே இடம் என்றான பிறகு மகனுக்காகப் பெரியதையே எடுத்துவிட்டேன். பெற்றோருக்குப் பின்புற லிஃப்டிலிருந்து நான்காவது அறை கிடைத்தது. அப்பாவிடமிருந்து ஒரே ஒரு கேள்வி மிச்சம்: காலை ஐந்து மணிக்கு வேட்டியுடன் தளத்தில் நடக்கலாமா என்று கேட்கிறார்.

ஏழாம்_தளம்

தாராளமாக நடக்கலாம். ஐந்தாம் தளத்தைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள், எதிர்த் திசையில் வரவேண்டாம். அந்த நேரத்தில்தான் தரையைக் கழுவுவார்கள் என்பதால் வழுக்கும். செருப்பை விட்டுவிட்டுப் பிடிமானமுள்ள காலணி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முன்புறம் திரும்பும் இடத்தில் காற்று பலமாக அடிக்கும், அங்கே வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொள்வது நல்லது.